போர்ப் படங்களை இணை இணையாகத் திரையிடுங்கள்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் திரைப்படச் சங்கங்களை நடத்திவரும் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய படம் என்று நம் திரையிடல்களில் அறிவிக்கப்படுவது பெரும்பாலும் ஆங்கிலப் படமாகவே இருக்கிறது. எப்போதாவது ரஷ்யப் படம் ஒன்று இடம்பெற்றாலும், பார்த்துவிட்டு வெளியே வருபவர்களின் பேச்சு ஹாலிவுட் அளவுக்குச் சண்டைக் காட்சிகள் இருந்தனவா என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ரஷ்யப் படங்களில் மிகச் சிறந்தவைகூடத் தோற்றுத்தான் போகும். இரு மரபுகளையும் அடுத்தடுத்துத் திரையிட்டு, எதை எதனோடு ஒப்பிடுவது என்பதைப் பார்வையாளர்கள் தாமே கண்டுகொள்ள வழிசெய்யுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) படத்தின் ஒமாஹா கடற்கரைக் காட்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இருபது நிமிடங்களுக்கு மேல் நீளும் அக்காட்சியின் ஒலியமைப்பு, திரையில் போரைக் கேட்கும் விதத்தையே மாற்றிவிட்டது. ஆனால் அந்தப் படத்தில் வீடு என்பது கடலுக்கு அப்பால், அயோவா மாநிலத்து வயல்களுக்கு நடுவில், ஓர் ஓடுகூடப் பெயராமல் நிற்கிறது. மூன்று மகன்களின் சாவுச் செய்தியைச் சுமந்துகொண்டு ஒரு கார் அங்கே வருகிறது. தாய் வாசலிலேயே சரிந்து உட்காருகிறாள்.

கிரிகோரி சுக்ராய் இயக்கிய 'பாலட் ஆஃப் எ சோல்ஜர்' (1959) படத்திலும் ஒரு தாயும் மகனும்தான். இரண்டு டாங்கிகளைத் தகர்த்த 19 வயது அல்யோஷா, பதக்கத்திற்குப் பதிலாக, அம்மாவைப் பார்த்து வீட்டுக் கூரையைச் செப்பனிட்டு வர விடுப்புக் கேட்கிறான். போக இரண்டு நாள், கூரைக்கு இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள் என்று ஆறு நாட்கள் கிடைக்கின்றன. காலை இழந்து மனைவியின் முகத்தில் விழிக்கத் தயங்கும் ஒரு வீரனுக்காகவும், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய சோப்புக் கட்டிகளுக்காகவும், குண்டுவீச்சில் எரியும் ரயிலில் சிக்கியவர்களுக்காகவும் அந்த நாட்கள் வழியிலேயே கரைந்துபோகின்றன. ஊர் போய்ச் சேரும்போது தாயைக் கட்டிக்கொள்ளும் நேரமே எஞ்சுகிறது. கூரை அப்படியே இருக்கிறது. அவன் போரிலிருந்து திரும்பவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால், பிழைப்பானா என்ற பதற்றத்திற்கு இந்தப் படத்தில் இடமே இல்லை.

இந்த வேறுபாட்டின் வேர் வரலாற்றில் இருக்கிறது. அமெரிக்கா அந்தப் போரில் இழந்த சுமார் 4 லட்சம் பேரில் ஏறத்தாழ அனைவரும் படையினர். சோவியத் ஒன்றியம் இழந்ததாகக் கணக்கிடப்படும் ஏறத்தாழ 2.7 கோடிப் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் பொதுமக்கள். போர் வீட்டுக்குள்ளேயே நுழைந்த நாட்டின் படங்களில் பெண்களும் சிறுவர்களும் நடுவில் வந்து நிற்பதில் வியப்பில்லை.

எலெம் கிளீமவின் 'கம் அண்ட் சீ' (1985) படத்தில் ஒரு வீட்டைக் காட்டுவார்கள். காட்டிலிருந்து தன் கிராமத்துக்குத் திரும்பும் சிறுவன் ஃப்ளியோரா, அடுப்பில் இன்னும் சூடு ஆறாத சூப்பை எடுத்து, உடன் வந்த கிளாஷாவோடு பகிர்ந்து குடிக்கிறான். தரையில் பொம்மைகள் கிடக்கின்றன. ஈக்கள் மொய்க்கும் ஓசை விடாமல் கேட்கிறது. வீட்டார் எங்கோ ஒளிந்திருக்கிறார்கள் என்று நம்பி அவன் ஓட, பின்னால் ஓடும் கிளாஷா ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். சுவரோரம் குவிந்து கிடக்கும் உடல்கள் அவள் கண்ணில் படுகின்றன, அவன் பார்க்கவில்லை. சில நொடிகள்தான் அந்தக் காட்சி. அன்று சோவியத் ஒன்றியத்தின் பகுதியாக இருந்த பெலருஸில் நாஜிகளால் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்ட கிராமங்கள் 628 என்று படத்தின் முடிவில் எழுத்தில் வருகிறது.

'ரஷ்யப் படம்' என்று நாம் போடும் பெயரையும் அறிமுக உரையில் விளக்கிச் சொல்லுங்கள். சுக்ராய் பிறந்தது உக்ரைனின் மெலிதோபலில். 1977இல் பெர்லினில் தங்கக் கரடி விருது பெற்ற 'தி அசென்ட்' படத்தின் இயக்குநர் லரீசா ஷெபீத்கோ பிறந்த ஊர்தான் உக்ரைனில் உள்ள இன்றைய பாக்முத். ரஷ்யா தொடுத்த போரில் 2023இல் ஏறத்தாழ முழுவதும் இடிந்துபோன அதே பாக்முத். அப்படத்தின் மூல நாவலை எழுதியவர் பெலருஸ் நாட்டவர். பல நாட்டு மக்களின் துயரை ஒரே நாட்டின் வீரமாகக் காட்டும் பழக்கத்திற்கு நம் அரங்குகள் துணைபோகக் கூடாது.

சோவியத் படங்களை அப்பழுக்கற்றவையாக முன்வைக்கும்படி நான் கேட்கவில்லை. 1939இல் ஹிட்லரோடு செய்துகொண்ட உடன்பாட்டைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. எதிரியிடம் பிடிபட்டு அவர்கள் பக்கம் சேர்ந்து, பின்னர் மனம் மாறித் திரும்பி வந்தவனின் கதையைச் சொன்ன அலெக்சேய் கெர்மனின் 'டிரையல் ஆன் தி ரோட்' 1971இல் எடுக்கப்பட்டும் 1980களின் நடுப்பகுதி வரை முடக்கி வைக்கப்பட்டது. அண்மைக்கால ரஷ்யப் படங்களின் நிலை இன்னும் கவலைக்குரியது: 'பான்ஃபிலவின் 28 பேர்' (2016) சொல்லும் வீரக்கதை பத்திரிகையில் புனைந்து எழுதப்பட்டது என்று 1948இலேயே சோவியத் இராணுவ வழக்குரைஞர்களின் விசாரணை முடிவு சொல்லியிருந்தது. ஹாலிவுட்டின் பிரம்மாண்டத்தோடு போட்டியிடும் இத்தகைய படங்களை அந்தப் பழைய மரபின் தொடர்ச்சி என்று அறிமுகப்படுத்தாதீர்கள்.

நம் வாசகர்களுக்கு இந்த மரபு அன்னியமானதன்று. பரீஸ் வசீலியெவின் நாவல் 'அதிகாலையின் அமைதியில்' என்ற பெயரில் தமிழில் பல்லாண்டுகளாகப் படிக்கப்படுகிறது, எஸ்.பி. ஜனநாதனின் 'பேராண்மை' (2009) அதன் சாயலில் உருவானது. அந்த நாவலிலிருந்து எடுக்கப்பட்ட 1972ஆம் ஆண்டுப் படத்தை மட்டும் நாம் பெரிய திரையில் பார்ப்பது மிக அரிது.

இன்னொரு வேண்டுகோள் துணைத்தலைப்புகளைப் பற்றியது. 'தி அசென்ட்' முழுக்கப் பனியில் நடக்கும் கறுப்பு வெள்ளைப் படம். நான் பார்த்த திரையிடலில் ஆங்கிலத் துணைத்தலைப்புகளின் வெள்ளை எழுத்துகள் பனியோடு கலந்துபோய், பாதி உரையாடலை ஒருவரும் படிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த முதியவர் இடைவேளைக்கு முன்பே எழுந்து போய்விட்டார். கறுப்பு விளிம்பு கட்டிய தமிழ் எழுத்துகள் இருந்திருந்தால் அவர் இருந்து பார்த்திருப்பார்.

அந்த வேலையை ஊதியமின்றிச் செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன். 'பாலட் ஆஃப் எ சோல்ஜர்' ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம். அதிலிருந்தே தொடங்கி, அடுத்த வாரம் 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தை அதே பார்வையாளர்களுக்குத் திரையிடலாம். தேதியை மட்டும் முடிவு செய்து தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் ஒரு பார்வையாளர்