வழித்துணையாக வந்த எல்லாருக்கும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் எங்கள் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வர இன்னும் சில நாள் இருக்கிறது. வந்தபிறகு எழுதினால் இது மார்க்குக்குச் சொல்லும் நன்றியாகிவிடும். பிள்ளைகள் எத்தனை எடுத்தாலும் நீங்கள் செய்தது செய்ததுதான். அதனால் இப்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன். கோத்தகிரிப் பக்கம், தேயிலைச் சரிவுக்கு நடுவே இருக்கிற சின்ன அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. அதன் தலைமையாசிரியையாக நான் சொல்ல வேண்டிய நன்றி நிறைய இருக்கிறது.

இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 27 பேர். மேல் ஹட்டியிலிருந்து (படகர் ஊரை இங்கே ஹட்டி என்போம்) வருபவர்கள், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து வருபவர்கள், கீழே இருளர் குடியிருப்பிலிருந்து ஏறி வருபவர்கள் என்று மூன்று திசைப் பிள்ளைகள். ஜூலையில் ஆசிரியர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசியபோதே, கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் மாலை வகுப்பு வைக்காமல் முடியாது என்று தெரிந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, அறை இருந்தது. வீட்டுக்குப் போகத்தான் வழி இல்லை. பள்ளி விடுவது 4.10-க்கு. கடைசி பஸ் 4.40-க்கு. அதை விட்டால் நடைதான். மழைக்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் மூட்டம் இறங்கிவிடும். பக்கத்தில் நடக்கிறவர் முகம் தெரியாது. காட்டுமாடு மேய இறங்குவதும் அந்த நேரத்தில்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லி, மாலை வகுப்பு வேண்டாம், காலையில் அரை மணி நேரம் முன்னால் வரச் சொல்லலாம் என்றேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். கொழுந்து பறித்துவிட்டு நேராக வந்திருந்தார், இடுப்பில் கட்டிய படுதாவைக்கூட அவிழ்க்கவில்லை. "டீச்சர், நீங்க கிளாஸ் வைங்க. கூட்டிட்டுப் போறது எங்க பாடு" என்றார். அவ்வளவுதான் பேசினார். எட்டு மாதம் நடந்த மாலை வகுப்பு அந்த ஒரு வார்த்தையில் தொடங்கியது. அம்மா, உங்கள் பெயரை இங்கே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். போடவில்லை. ஆனால் முதல் நன்றி உங்களுக்குத்தான்.

மறு வாரமே மூன்று வழிக்கும் முறை போட்டார்கள். ஒரு வழிக்கு இரண்டு பெரியவர், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், நடுவில் பிள்ளைகள். அக்டோபர் மாதம் தோட்டத்தில் இலை அதிகம் வரும், கூடுதலாகப் பறிக்கிற கிலோவுக்குக் கூடுதல் காசு கிடைக்கும். அந்த மாதத்திலும் தன் முறை வந்த நாளில் அரை மணி முன்னால் தோட்டத்தை விட்டு இறங்கி வந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்த அரை மணிக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

நவம்பரில் ஒரு நாள் லைன் வழியில் நானும் கூட நடந்தேன். முன்னால் போனவர் எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா. ஓடை திரும்புகிற இடத்தில் சட்டென்று நின்று கையை உயர்த்தினார். பின்னால் வந்த பதினொரு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் மூச்சுவிடும் சத்தம் கேட்டது, துருத்தி ஊதுவதுபோல. மூட்டத்துக்குள் கறுப்பாக ஒரு மேடு அசைந்தது. அப்புறம் இன்னொன்று. கன்றோடு கடந்துகொண்டிருந்தன. தாத்தா டார்ச்சைத் தரையில், தன் கால் பக்கம் மட்டும் அடித்தார். இருபது நிமிடமாவது நின்றிருப்போம். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். குனிந்து கேட்டால் தமிழ் மனப்பாடப் பாட்டு. அடுத்தவன் அவள் விட்ட அடியை மெல்ல எடுத்துக்கொடுத்தான். மாடுகள் போனதும் தாத்தா, "சரி, நடங்க கண்ணு" என்றார். எதுவும் நடக்காததுபோல நடந்தார்கள். தாத்தா, அன்று உங்களிடம் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

வனத்துறைப் பணியாளர்கள் இரண்டு முறை பள்ளிக்கு வந்தார்கள். நன்கு வளர்ந்த ஆண் காட்டுமாடு ஆயிரம் கிலோ எடையை எட்டும், தனியாக நிற்கிற ஆண் மாட்டிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகக்கூடாது, கல்லெறியவோ செல்போனில் படம் எடுக்க நெருங்கவோ கூடாது என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்கள். பயமுறுத்தாமல் சொன்னதற்குத் தனியாக நன்றி.

அதிலிருந்துதான் 'மாட்டு நோட்டு' வந்தது. காலையில் ஐந்தரைக்கே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் குரல் வந்துவிடும்: "பாலத்துக்குக் கீழ நாலு நிக்குது, மேல் வழியா வாங்க." பால் கறந்து ஊற்றப் போகிறவர்கள், முதல் பஸ் பிடிக்கிறவர்கள் என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதை நாள், நேரம், இடம், எத்தனை என்று நோட்டில் எழுதினார்கள். ஜனவரியில் கணக்கு ஆசிரியர் அதை வைத்து மூன்று வழிக்கும் வரைபடம் போடச் சொன்னார். புள்ளிகள் அதிகம் விழுந்தது இரண்டு இடத்தில்: ஓடைத் திருப்பம், பறிக்காமல் விட்டு உண்ணிச்செடி மண்டிக்கிடந்த பழைய தேயிலைக் காடு. வரைபடத்தைப் பார்த்த தோட்டக்காரர் மறு வாரமே ஆள் விட்டு வழியின் இரண்டு பக்கமும் பத்தடிக்குப் புதர் வெட்டிக்கொடுத்தார். அறிவியல் கண்காட்சியில் அந்த வரைபடத்துக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் இந்த ஆண்டு எங்கள் பள்ளி செய்த பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். நோட்டு ஆபீஸ் அறையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

மாலை நான்கேகாலுக்குப் பசிக்கும். பஜாரில் பேக்கரி வைத்திருக்கும் அண்ணன் அதற்கு வர்க்கி, எங்கள் மலையின் மொறுமொறு பிஸ்கட், அனுப்பினார், வகுப்பு நடந்த ஒவ்வொரு நாளும். உடைந்ததை அனுப்பலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, "பிள்ளைங்களுக்கு உடைஞ்சதா?" என்று கேட்டாராம். டீ போட்டது எங்கள் சத்துணவுக் கூடத்து அக்கா. அது அவர் வேலையே இல்லை. ஆகஸ்டில் ஒரு இரவு கரடி வந்து கூடத்துக் கதவைப் பிளந்து எண்ணெயை எல்லாம் கொட்டிவிட்டது. நீலகிரியில் இது புதிதில்லை. எண்ணெய் வாசனைக்குக் கோயில் விளக்கைக்கூட விடாது. அன்றிலிருந்து அக்கா தினமும் எண்ணெய் கேனைத் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் மறுபடி மேடேறிக் கொண்டுவருகிறார். வெல்டிங் கடைத் தம்பி இரும்புக் கதவு அடித்துக்கொடுத்தார். இரும்புக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார், கூலி வாங்கவில்லை.

பஸ் டிரைவர், கண்டக்டர் இருவருக்கும் என்ன சொல்ல! சாதாரண நாளிலேயே வழியில் ஓடி வருகிற பிள்ளையைப் பார்த்தால் நிறுத்தாமல் போக மாட்டார்கள். ஆங்கிலப் பரீட்சை அன்று கோத்தகிரிக்குப் போகிற வழியில், கொண்டை ஊசி வளைவில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. எங்கள் பிள்ளைகள் 27 பேரும் பஸ்ஸில். மணி எட்டேமுக்கால். பத்து மணிக்கு மையத்தில் இருந்தாக வேண்டும். முதல் கால் மணி வினாத்தாள் படிக்கவும் விவரம் நிரப்பவும்தான் என்றாலும், அதைத் தவறவிட்டால் பிள்ளைகள் பதறிப்போவார்கள். கண்டக்டர் இறங்கி, லாரிக்கு அந்தப் பக்கம் நின்ற ஜீப்புகளிடம் ஓடினார். இரண்டு ஜீப்காரர்கள் தங்கள் சவாரியை இறக்கிவிட்டார்கள். இறங்கியவர்களும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பெரியவர் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, "நல்லா எழுதுங்க சாமி" என்று கை தூக்கினாராம். இரண்டு நடை அடித்து ஒன்பது நாற்பதுக்கு எல்லாரையும் மையத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஜீப்காரர்கள் யார் என்றே எங்களுக்குத் தெரியாது. இந்த மடல் எப்படியாவது அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 நவம்பரில் மண்சரிவு நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறோம். அதனால் வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் அடித்தாலே எல்லாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த வாரங்களில் மாலை வகுப்பை நிறுத்தினோம். அரசு தரும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். ஒன்பது, பத்து படிக்கிற பிள்ளைகள் பாலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவதைத் திருப்பூரில் வேலை செய்கிற எங்கள் பழைய மாணவர்கள் யாரோ போட்ட படத்தில் பார்த்திருக்கிறார்கள். பதினைந்து நாளில் ஒரு மூட்டை மழைக்கோட்டு வந்து இறங்கியது, ஒவ்வொருவர் அளவுக்கும். அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், வகுப்பு வகுப்பாக உயரத்தை முன்பே வாங்கிக்கொண்டார்களாம். எனக்குச் சொல்லவே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலைத் திருவிழாவில் எங்கள் கிராமிய நடனக் குழு வட்டாரத்தைத் தாண்டி ஊட்டியில் மாவட்ட அளவில் இரண்டாம் இடம் வாங்கியது. இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து மூன்று வாரம் குழல் ஊதித் தாளம் சொல்லிக்கொடுத்தார். ஹட்டிப் பெண்ணும் லைன் பையனும் அந்தத் தாளத்துக்கு ஒரே வரிசையில் ஆடினார்கள். எட்டாம் வகுப்பில் இரண்டு பேர் தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வில் தேறியிருக்கிறார்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். ஒரு பிள்ளையின் அப்பா பாஸ்புக்கோடு வந்து, "இது நிஜமாவே வருமா டீச்சர்?" என்று மூன்று முறை கேட்டார். நிஜமாகவே வரும் ஐயா. விளையாட்டில் இந்த ஆண்டு ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. மைதானம் சாய்வு, பந்து போனால் தேயிலைக்குள் போய்விடும். அதைச் சமப்படுத்தக் கேட்டிருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஜனவரியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நின்றுவிட்டான். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, இவன் கேரட் கழுவுகிற இடத்தில் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். நானும் வகுப்பாசிரியரும் போய்ப் பேசினோம், கேட்கவில்லை. அவனுடைய வழியில் முறை நடக்கிற பக்கத்து வீட்டு மாமா ஒன்பது நாள் தொடர்ந்து மாலையில் அவன் வேலை செய்கிற இடத்துக்கே போய், ஒன்றும் பேசாமல் கூட நடந்து வீடு வரை வந்திருக்கிறார். பத்தாவது நாள் அவனே பையை எடுத்துக்கொண்டு வந்தான். தன்னோடு வேலை செய்பவர்களைத் திரட்டி அந்த வீட்டுக்கு மூன்று மாத மளிகையையும் அதே மாமா பார்த்துக்கொண்டார். பையன் ஐந்து பரீட்சையும் எழுதிவிட்டான். மாமா, நாங்கள் பேசிப் பேசி முடியாததை நீங்கள் நடந்து முடித்தீர்கள்.

ஆண்டு விழா அன்று மழை பெய்யாமல் இருந்ததே பெரிய உதவி. பந்தல், நாற்காலி, மைக் எல்லாம் ஊரார் பொறுப்பு. மேடையில் பொன்னாடை யாருக்கும் போடவில்லை. அதற்குப் பதிலாக முறை நடந்த 34 பேரையும் மேடையேற்றி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு டார்ச் கொடுத்தார்கள். அவர்களே காசு போட்டு வாங்கியது. நிறையப் பேர் அழுதார்கள், நானும்தான். என் ஆசிரியர்களுக்கும் இங்கேயே நன்றி. ஆறரைக்கு வீடு போய், மறுநாள் எட்டரைக்கு வந்து நின்றவர்கள் அவர்கள்.

ரிசல்ட் அன்று காலை எல்லாரும் பள்ளிக்கு வந்துவிடுங்கள். இங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதால் மாடி வராந்தாவில் லேப்டாப் வைக்கிறோம். டீயும் வர்க்கியும் உண்டு, இந்த முறை செலவு எங்களுடையது. பேக்கரி அண்ணனிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

அப்புறம், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அடுத்த ஆண்டு முறைப் பட்டியலை ஆபீஸ் சுவரில் ஒட்டிவிடுவேன். லைன் வழிக்கும் கீழ் வழிக்கும் எல்லா நாளுக்கும் ஆள் ஆகிவிட்டது. மேல் ஹட்டி வழிக்கு வியாழக்கிழமை மட்டும் ஒருவர் வேண்டும். முடிந்தவர்கள் பெயர் கொடுங்கள். டார்ச்சுக்கு பேட்டரி பள்ளியிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பள்ளித் தலைமையாசிரியை