இந்த வார இறுதி: நாடகம், நடனம், நகைச்சுவை

வணக்கம் நண்பர்களே. சனி மாலை நாடகம். ஞாயிறு பிற்பகல் நடனம், இரவு ஸ்டாண்ட்-அப் காமெடி. மூன்றுமே நேரடி நிகழ்ச்சிகள்.

இருக்கையை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நாடகத்துக்கு முன்வரிசைகள் அருமை, நடிகரின் கண்ணசைவுகூடத் தெரியும். நடனத்துக்கு அப்படியில்லை, சற்றுப் பின்னால், உயரமான வரிசையில் உட்கார்ந்தால்தான் காலடிகளும் குழுவாக நகரும் அழகும் முழுதாகத் தெரியும். பால்கனி கிடைத்தால் விடாதீர்கள். காமெடிக்கு முன்வரிசையில் உட்கார்ந்தால் கலைஞர் உங்களிடமே பேச்சுக் கொடுக்கலாம், தயாராக வாருங்கள்.

பெரிய நகரம், நெரிசல் இருக்கும். அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். நாடகம் தொடங்கிவிட்டால் பல அரங்குகளில் இடைவேளைவரை உள்ளே விடமாட்டார்கள். அப்புறம், போனை அணைத்துவிடுங்கள். இருட்டில் அந்த வெளிச்சம் மேடையில் இருப்பவர் கண்ணிலும் படும்.

வருபவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பெயர் கொடுங்கள்.