நாங்களும் டிக்கெட் வாங்குகிறோம், சேகர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்தை, திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் என் ஸ்கிரீன் ரீடர் படித்துக் காட்டியது. மகளுக்குக் கோவையிலேயே இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று புலம்புகிறாளாமே, நாம் மூன்று வருடம் குடித்த சாம்பாரைப் பற்றி அவளுக்குச் சொல்லிவை. இங்கே எல்லாரும் நலம். வங்கியில் என்னைக் கடன் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

'இப்போதெல்லாம் சினிமாவில் உங்களை மாதிரி பார்வையற்றவர்களை மரியாதையாகத்தானே காட்டுகிறார்கள்?' என்று கேட்டிருந்தாய். கேலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, உண்மைதான். 2024 ஜூலையில் ஓர் இந்திப் படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைப் பற்றிப் பேசியது. ஊனத்தை வைத்து ஒருவரை மட்டம்தட்டுகிற நகைச்சுவை வேறு, அந்த வாழ்க்கையைப் புரியவைக்கிற நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னார்கள். விடுதியில் நீ என்னை ஓட்டியதெல்லாம் இரண்டாவது வகை என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் நாயகனுக்குப் பார்வையில்லை என்றால் உடனே அவனை இசைக்கு அனுப்பிவிடுகிறார்களே, அது ஏன்? 1981இல் 'ராஜபார்வை', கையில் வயலின். 2001இல் 'காசி', பாடகன். 2014இல் 'குக்கூ', இசைக்குழு. 2020இல் 'சைக்கோ', மறுபடியும் இசைக்கலைஞன். எனக்கோ சுதியே சேராது, உனக்குத்தான் தெரியுமே. தவணை கட்டாதவரிடம் போனில் மல்லுக்கட்டுகிற பார்வையற்ற வங்கி அதிகாரியை இதுவரை எந்தப் படத்திலும் நான் கேட்டதில்லை.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. எங்களை வைத்துப் படம் எடுப்பவர்களுக்கும் நாங்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வருவோம் என்ற நினைப்பு வருவதில்லை. ஆடியோ டிஸ்கிரிப்ஷன் பெரிய வித்தை இல்லை. தியேட்டரில் என் காதோரம் 'கதவைத் திறக்கிறான், உள்ளே ஆளில்லை' என்று நீ சொல்லிக்கொண்டே வருவாயே, அதையே வசனங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிகளில் ஒருவர் பேசிப் பதிவு செய்கிறார். போனில் உள்ள ஒரு செயலி படத்தின் ஒலியை வைத்து எந்தக் காட்சி ஓடுகிறது என்று கண்டுபிடித்து, சரியான நேரத்தில் இயர்போனில் சொல்லும். பக்கத்து சீட்டுக்காரர் முறைக்க மாட்டார். தமிழ்ப் படங்களில் ஒரு தனிச் சிக்கல், அந்த இடைவெளியே கிடைப்பதில்லை. வசனம் நின்றால் பின்னணி இசை அடித்து நொறுக்குகிறது. நாயகன் அறிமுகமாகும் காட்சியில் பாவம், விவரித்துச் சொல்பவர் எங்கே மூச்சுவிட்டு எதைச் சொல்வார்? படத்தொகுப்பு மேசையிலேயே இதை யோசித்தால்தான் உண்டு.

சட்டத்துக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 2016லேயே இது இருக்கிறது. 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், 'பதான்' படம் ஓடிடிக்கு வரும்போது ஆடியோ டிஸ்கிரிப்ஷனும் இந்தி வசன எழுத்துகளும் சேர்க்கச் சொன்னது. 2024 மார்ச்சில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தியேட்டர்களில் ஓடும் படங்களுக்கும் வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் பெறும் படங்களுக்கு 6 மாதம், மற்றவற்றுக்கு 2 ஆண்டு என்று அப்போது அவகாசம் கொடுத்தார்கள். நானும் ஆசையாக இங்கே ஒரு தியேட்டரில் போய் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் உண்டா என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எந்த ஸ்கிரீன்ல சார் ஓடுது?" என்றான்.

எங்கள் கிளையில் காது கேளாத நண்பர் ஒருவர் இருக்கிறார், தமிழ் வழியில் படித்தவர். அவர் பாடு இன்னும் மோசம். ஓடிடியில் தமிழ்ப் படத்துக்குப் பெரும்பாலும் இங்கிலீஷ் சப்டைட்டில்தான். பக்கத்து மாநிலத்துக்காரருக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் வழி செய்திருக்கிறார்கள், மதுரைக்காரருக்குச் செய்யவில்லை. அதுவும் வசனம் மட்டும்தான் வரும். பின்னால் நாய் குரைத்ததும் கதவு தட்டியதும் அவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், உன் மைத்துனர் சென்னையில் டப்பிங் ஸ்டுடியோ நடத்துகிறார் அல்லவா? இரண்டரை மணி நேரப் படத்துக்குத் தமிழில் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் எழுதிப் பதிவு செய்ய என்ன செலவாகும் என்று அவரிடம் கேட்டு எழுது. நாங்கள் சிலர் சேர்ந்து தயாரிப்பாளர்களுக்கு மனு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். தொகை கையில் இருந்தால் பேச வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ராஜாராம்