மதுரை நடைச்சுற்றுலாவில் விடுபடும் கோட்டை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வழிகாட்டி ஒருவரைத் தனியாக அமர்த்திக்கொண்டு மதுரையை நடந்தே பார்ப்பது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பற்றி நிறைவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால், அவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் பழைய நகரம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. இதைக் கட்டுரையாளரின் குறையென்று மட்டும் சொல்லிவிட முடியாது; வழிகாட்டிகளில் பலரும் இப்படித்தான் ஊரைக் காட்டுகிறார்கள்.

அண்மையில் வெளியூர் உறவினர்களுக்காக நாங்கள் அமர்த்திய வழிகாட்டி, கோயிலுக்குள் சிற்பங்களைப் பொறுமையாகவும் அழகாகவும் விளக்கினார். வெளியே வந்ததும், கோபுரங்கள் எல்லாம் ஒருசேரத் தெரியும் என்று சொல்லி ஒரு கைவினைப் பொருள் கடையின் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றார். கோபுரங்களைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்க விட்டால்தானே! ஒவ்வொரு தளத்திலும் கம்பளங்களை விரித்துப் போட்டு, பித்தளைச் சிலைகளை எடுத்து வைத்து, முற்பகலே போய்விட்டது. பிறகு, வெயில் ஏறிவிட்டதென்று எங்களை ஆட்டோவில் ஏற்றி மகால் வாசலில் இறக்கினார். நடைச்சுற்றுலா என்ற பெயரில் நாங்கள் நடந்தது பெரும்பாலும் அந்தக் கடையின் படிக்கட்டில்தான்.

அந்த நேரத்தில் எவ்வளவோ பார்த்திருக்கலாம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில், அதைக் கட்டிய திருமலை நாயக்கரும் அவருக்கு முன் ஆண்டவர்களும் தூண்களில் ஆளுயரச் சிலைகளாக நிற்கிறார்கள். அதற்கும் கிழக்கே, அடிப்பகுதியோடு நின்றுபோன ராயகோபுரம். அதன் நிலைக்கற்களை அண்ணாந்து பார்த்தாலே, முடிந்திருந்தால் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்பது தெரிந்துவிடும். அங்கிருந்து தெற்கே வந்தால், மகாலுக்குச் சற்று முன்பாகத் துணிக்கடைகளுக்கு நடுவே பத்துத்தூண் சந்து. நாயக்கர் அரண்மனையின் ரங்கவிலாசப் பகுதியைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் பத்துக் கருங்கல் தூண்கள், தாங்குவதற்குக் கூரை ஏதுமின்றி அங்கே வரிசையாக நிற்கின்றன. மகாலின் தூண்களில் சுண்ணாம்புச் சாந்தின் வழவழப்பைப் பார்ப்பவர்கள், இங்கே பூச்சற்ற கல்லைத் தொட்டே பார்க்கலாம்; வியாபாரம் நடக்கும் நேரமென்றால் தொங்கும் துணிகளை விலக்கிக்கொண்டுதான் தொட வேண்டும். 1636ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அரண்மனையின் பெரும்பகுதியை, தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய சொக்கநாத நாயக்கர் பிரித்தெடுத்தார் என்ற செய்தியும், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் எஞ்சியதைப் பழுதுபார்க்கச் செய்தார் என்ற செய்தியும் மகாலுக்குள் சொல்லக் கேட்பதைவிட இந்தச் சந்தில் நின்று கேட்டால்தான் மனத்தில் பதியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விடுபடல் கோட்டைதான். நாயக்கர் காலக் கோட்டைக்குள் அடங்கியிருந்த ஊரை வெளியே விரிய விட்டவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன். மதில்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்ட இடத்தில்தான் வெளிவீதிகள் அமைந்தன. அந்தப் பணியில் ஈடுபட்டவர்களின் பெயர்களே மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் நிலைத்தன. கீழவாசல், தெற்குவாசல் என்று பேருந்து நடத்துநர் கூவும் நிறுத்தங்களில் இன்று வாசல் எதுவும் இல்லை. பிளாக்பர்னின் நினைவாக மக்கள் நிறுவிய விளக்குத்தூண், சுற்றிலும் கடைகளும் இருசக்கர வாகனங்களும் நெருக்க, இன்னும் நிற்கிறது. மேற்குப் பக்கம், பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே, பழைய மதிலின் துண்டு ஒன்றும் எஞ்சியிருக்கிறது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வீதிகளைக் கடந்து, கடைசியில் வெளிவீதியில் கொண்டுபோய் நிறுத்தினால், இந்த ஊர் அமைந்த விதம் விருந்தினருக்கு யாரும் சொல்லாமலே விளங்கும்.

நடுப்பகலில் கோயில் நடை சாத்தப்படும். மகால் மாலை வரை திறந்திருக்கும். ஆகவே விடியற்காலையில் கோயிலில் தொடங்கி, வெயிலுக்கு முன் வீதிகளில் நடந்து, மகாலில் முடிப்பதே வசதி. இந்த வழித்தடத்தை ஒரு வரைபடமாகத் தாங்கள் வெளியிட்டால், கட்டணம் பேசும்போதே அதைக் காட்டி, இந்த இடங்கள் உண்டு, கடைக்குப் போவது இல்லை என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வாசகர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
மதுரை வாசகர் ஒருவர்