தகரக் கூரைக்குக் கீழே எட்டுப் பாட்டு: ஒரு நன்றி மடல்

செங்கோட்டை, புளியரை, பண்பொழி, ஆரியங்காவு பக்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் மாற்று ராக் குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்துவிட்டது. எட்டுப் பாட்டு, 36 நிமிடம். பின்னட்டையில் உங்கள் பெயர்களை மட்டும்தான் போட முடிந்தது. யார் என்ன செய்தார்கள், அது எப்படிப் பலித்தது என்று விவரமாகச் சொன்னால்தான் எங்களுக்கு மனசு ஆறும். இந்தப் பக்கத்தில் அடுத்துப் பாட்டுப் பதியப் போகிற பிள்ளைகளுக்கும் அது கைகொடுக்கும்.

முதல் நன்றி நெல் மண்டி அண்ணாச்சிக்கு. 20 அடி நீளம், 12 அடி அகலமுள்ள குடோனை ஆனி, ஆடி இரண்டு மாதமும் வாடகை வாங்காமல் தந்தார். சாரல் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே மைக் வைத்தால் பாட்டைவிடத் தூறல்தான் பெரிதாகக் கேட்கும். கீற்று முடைகிற பெரியம்மாவும் அவர் மகளும் தகரத்தின்மேல் இரண்டு அடுக்குக் கீற்று பரப்பிக் கயிறு இழுத்துக் கட்டினார்கள். துளி தகரத்தில் நேராக விழாததால் 'சடசட' அடங்கிவிட்டது. ஒரே அடுக்கு போதாது, நனைந்ததும் நடுவில் தொய்ந்து இடைவெளி விடும். கணவாய்க் காற்றுக்குக் கயிற்றை மூன்றடிக்கு ஒன்றாகக் கட்ட வேண்டும்.

மெத்தைக்கடை அண்ணாச்சி பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் பதினான்கு கொடுத்தார். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே கைதட்டினால் கேட்கிற 'டர்ர்' எதிரொலியை அவைதான் தின்றன. சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி நிறுத்தினால் அதே மெத்தை இன்னும் கீழே உள்ள ஒலிகளையும் பிடிக்கும். முட்டை அட்டையை நம்பிக் காசைப் போடாதீர்கள், அது மேல்சுதிகளைக் கொஞ்சம் மழுக்குவதோடு சரி. ஆனால் மெத்தைக்கும் எல்லை உண்டு. 12 அடி அகல அறை 47 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது நொடிக்கு 47 அதிர்வு உள்ள ஒலிக்கு, தானாகவே முழங்கும். பேஸ் கிடாரின் தடித்த கம்பியில் இரண்டாம் கட்டு, அதாவது எஃப் ஷார்ப், 46 ஹெர்ட்ஸ். அந்த ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கிக் கேட்டது. அந்த அலையின் நீளம் 7 மீட்டருக்கு மேல், அரையடிப் பஞ்சு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் பேஸை ஆம்ப் முன்னால் மைக் வைத்து எடுக்காமல் டிஐ பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டி வழியே ஒயரிலிருந்து நேராகப் பதிந்தோம்.

கொத்தனார் மாமாவின் நூல்கயிறு எங்கள் டிரம்ஸைக் காப்பாற்றியது. மேலே தொங்கும் இரண்டு மைக்குகளும் டிரம்ஸின் நடுநாயகமான ஸ்னேர் டிரம்மின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நூலின் ஒரு முனையை ஸ்னேர் நடுவில் பிடித்து, மறுமுனையை இரண்டு மைக்குக்கும் மாற்றி மாற்றி எட்டவைத்துப் பார்த்தார். 34 சென்டிமீட்டர் பிசகினால் ஒலி ஒரு மில்லி நொடி தாமதமாக வந்து சேரும். இரண்டையும் கலக்கும்போது ஸ்னேரின் உடம்பே கரைந்து அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிடும்.

எலக்ட்ரீஷியன் அத்தானைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். கிடார் எல்லாவற்றிலும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இருந்தது. ஆம்ப் ஒரு சுவர் பிளக்கிலும் கணினி இன்னொன்றிலும் போட்டால் இரண்டு எர்த்துக்கும் நடுவே சுற்று உண்டாகி அந்த இரைச்சல் வரும். அவர் எட்டடிக் குழி தோண்டி, ஜிஐ குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பினார். அதிலிருந்து ஒரே பிளக் பலகைக்கு ஒயர் இழுத்து எல்லாக் கருவிகளையும் அங்கே கொண்டுவந்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 9 வோல்ட் காட்டிய மீட்டர் 1-க்கு இறங்கியது. இரைச்சல் போக எர்த் பின்னைப் பிடுங்கிவிடுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கிடார்க் கம்பியைத் தொட்டுக்கொண்டே மைக்கில் உதடு படுகிறவரின் உயிர் அந்தப் பின்னில்தான் இருக்கிறது.

ஆறாவது பாட்டில் ஒலிப்பது மகுடம் என்கிற தோல்கருவி. கணியான் கூத்தில் இந்த மகுடத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த மண் இது. ஆனாலும் ராக் பாட்டுக்குள் அதை வைக்க, அதை வாசித்த ஆசானின் பொறுமை வேண்டியிருந்தது. ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். சருகு மூட்டிச் சூடேற்றினால் பத்து நிமிடத்துக்குள் பதிந்தாக வேண்டும், அதற்குமேல் சுதி இறங்கும். ஆகவே கிடாரை மகுடத்துக்குச் சேர்த்தோம், மகுடத்தைக் கிடாருக்கு இழுக்கவில்லை. வேகத்தைச் சீராக வைக்கக் காதில் ஓடவிடுகிற கிளிக் சத்தமும் அந்தப் பாட்டுக்குக் கிடையாது. உச்சத்துக்குப் போகப் போக அவர் காலம் ஏறும். அந்த ஏற்றம்தான் பாட்டின் உயிர் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். மகுடத்தை முதலில் முழுசாகப் பதிந்து, பிறகு அதன் வேகத்துக்கு மற்ற கருவிகளை அமைத்தோம்.

ஆசானுக்குக் கூலியோடு ஒப்பந்தமும் உண்டு. தென்காசி வக்கீல் மைனி அதைத் தமிழிலேயே இரண்டு பக்கத்தில் எழுதித் தந்தார். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு நிகழ்த்துகலைஞருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை இருக்கிறது என்று சட்டத்தை எடுத்துக் காட்டியவர் அவர்தான். வெளியீட்டுக்குப் பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டோம், பதிவுக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல்தான் திருவிதாங்கூர்-கொச்சியைவிட்டு, இன்று தமிழ்நாடு ஆகிவிட்ட சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு விழுந்தாலும் கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. புனலூர்ச் சேட்டன் தன் மிக்ஸரையும் மைக்குகளையும் அனுப்பியதோடு கலவைக்கும் உட்கார்ந்தார். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட கருவி மாநில எல்லை தாண்டும்போது டெலிவரி சலானும் இ-வே பில் என்கிற சரக்குச் சீட்டும் வண்டியிலேயே இருக்க வேண்டும், வாடகைக்குத்தான் போகிறது என்றாலும். அவர் முன்னாலேயே எடுத்து வைத்ததால் புளியரையில் வண்டி நிற்கவே இல்லை. தமிழ் பேசாத வீட்டில் வளர்ந்தவர், ஆனால் கிடார்ச் சத்தத்துக்குள் ழ, ள, ல மூன்றும் ஒன்றாகக் கரைவதை முதலில் கண்டுபிடித்தது அவர் காது. கிடார்களில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறைத்ததும் சொற்கள் மேலே வந்தன. கைப்பேசி ஸ்பீக்கரில் பேஸின் அடி ஒலி கேட்காது என்பதால் அதற்குச் சிறிது கரகரப்பும் ஏற்றினார். முடிவில் ஒலியளவை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தின் அளவுகோல்) அருகிலும் உச்சத்தை மைனஸ் 1 டெசிபலிலும் நிறுத்தினார். அதற்குமேல் நெருக்கினாலும் ஸ்பாட்டிஃபை தானே இறக்கிவிடும், நெருக்கிய கசங்கல் மட்டும் மிஞ்சும்.

வெளியீட்டு வேலை முழுவதும் பிரவுசிங் சென்டர் அக்காவுடையது. அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல், ஒவ்வொரு பாட்டுக்கும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண், அதாவது அந்தப் பதிவின் அடையாளக் குறி. குழுவின் பெயரையும் பாட்டுப் பெயர்களையும் ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரே பட்டியலாக்கி எல்லா இடத்திலும் அதையே போட்டார். குழுவின் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் பாட்டு வேறு யாரோ ஒருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். நான்கு வாரம் முன்பே ஏற்றிவிட்டார். ஸ்பாட்டிஃபை தேர்வுக் குழுவிடம் பாட்டைச் சொல்லவே குறைந்தது ஏழு நாள் முன்னதாகப் போக வேண்டும்.

வெளியீட்டு நாளில் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வைத்த மண்டபத்துக் காவலாளி ஐயாவுக்கும், டீ தந்த கடைகளுக்கும் எங்கள் அன்பு.

மெத்தைகளும் பலகையும் குடோனிலேயே இருக்கின்றன, அறுவடை வரை இடம் காலிதான். பதிய வருகிறவர்கள் அண்ணாச்சியிடம் சாவி வாங்கிக்கொள்ளலாம். பிளக்கைச் சொருகுமுன் எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.