கல்லறையில் இல்லாத பெயர்

பந்திங், சிலாங்கூர்
ஞாயிறு இரவு

அன்புத் தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவின் மூட்டுவலி பரவாயில்லை.

நீ லண்டனிலிருந்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் மார்க்ஸின் பெரிய வெண்கலத் தலை, அதன் கீழே பொன்னெழுத்தில் அந்த வாசகம். தத்துவவாதிகள் உலகத்தைப் பல விதமாக விளக்கினார்கள், அதை மாற்றுவதுதான் காரியம் என்பது. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: "நீங்கள் சொல்லித்தந்த இயங்கியல் பொருள்முதல்வாதம் இங்கே எங்கே அம்மா? அது சோவியத் தலைவர் ஸ்டாலின் காலத்துச் சரக்கு, மார்க்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள் வகுப்பில்." வாட்ஸ்அப்பில் தட்டி முடிகிற பதில் இல்லை இது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

முதலில் சொல்லைப் பிரித்துக்கொள்வோம். எல்லாம் தனக்குள்ளே இருக்கிற முரண்பாட்டால் மாறிக்கொண்டே இருக்கிறது என்பது இயங்கியல்; கருத்துக்கு முன்னால் உலகம் இருக்கிறது என்பது பொருள்முதல்வாதம். பெயரைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் பாதி சரி. மார்க்ஸ் அந்தப் பெயரை எங்கும் எழுதவில்லை. அவர் 1883இல் இறந்தார். நாலு வருடம் கழித்து, தோல் பதனிடும் தொழில் செய்த யோசப் தீட்ஸ்கென் என்பவரின் எழுத்தில் அந்தச் சொல் வருகிறது. பிறகு 1891இல் ரஷ்யரான பிளெக்கானவ் எழுதினார். ஸ்டாலின் பக்கம் வருவது அதற்கும் வெகு காலம் கழித்துத்தான். பெயர் இல்லையே தவிர, விஷயம் மார்க்ஸிடம் இருந்தது. 'மூலதனம்' இரண்டாம் பதிப்புக்கு 1873இல் எழுதிய பின்னுரையைப் படித்துப் பார். அவருக்கு முந்திய ஜெர்மன் தத்துவவாதி ஹெகலிடம் இயங்கியல் தலைகீழாக நிற்கிறது, அதைத் திருப்பி நிறுத்த வேண்டும் என்கிறார். ஹெகலுக்குக் கருத்துதான் உலகத்தை நடத்துவது. மார்க்ஸுக்கோ, கருத்து என்பது மனிதன் தலைக்குள் போய் உருமாறிய உலகம்.

இது எனக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை. உன் பாட்டியால்தான் விளங்கியது.

பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரிசையில் நிற்க வேண்டும். மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், பால் மங்குக் கிண்ணத்தில் விழாமல் மரத்தோடு வழிந்து போகும். அன்று வேலை இல்லை, கூலியும் இல்லை. அதனால் முனீஸ்வரனிடம் பாட்டி கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இன்றைக்கு மழை வேண்டாம், சாமி. பாட்டியின் பாட்டியோ தமிழ்நாட்டில் மழை பெய்ய வேண்டும் என்று மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியவர். கடல் தாண்டி வந்து இரண்டு தலைமுறைக்குள் வேண்டுதல் தலைகீழாகிவிட்டது. பக்தி குறையவில்லை. வயலில் நின்ற வாழ்க்கை கித்தா என்கிற ரப்பர் காட்டுக்குப் போனது, அவ்வளவுதான். மனிதரின் உணர்வு வாழ்நிலையைத் தீர்மானிப்பதில்லை, வாழ்நிலைதான் உணர்வைத் தீர்மானிக்கிறது என்று 1859இல் மார்க்ஸ் எழுதியதைப் படித்தபோது, எனக்குப் பாட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் வந்தது.

மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ் எழுதிய இயங்கியல் விதிகளை உனக்கு நான்தான் சொல்லித்தந்தேன். அளவு மாறிக்கொண்டே போய்ப் பண்பு மாறும் என்பதற்கு அவர் கொதிக்கும் தண்ணீரைச் சொன்னார். நான் பால் ஸ்டோரைச் சொன்னேன். தண்ணீர் போல ஓடுகிற ரப்பர் பாலில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் ஓர் அளவு வரை பாலாகவே இருக்கும், அப்புறம் உறைந்து கட்டியாகும். நல்ல உதாரணம்தான். ஆனால் உதாரணம் நிரூபணம் ஆகாது என்பதையும் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். 1938இல் ஸ்டாலின் இந்தத் தத்துவத்தை எண்ணிட்டு ஒப்பிக்கிற பாடமாக்கினார். அந்த நாட்டில்தான் மரபியல் இந்தத் தத்துவத்துக்கு விரோதமானது என்று, அரசின் ஆதரவு பெற்ற வேளாண் நிபுணர் லைசென்கோவின் கூட்டம் சொல்ல, உலகமெல்லாம் அலைந்து விதை சேகரித்த விஞ்ஞானி வாவிலோவ் 1943இல் சிறையில் செத்தார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை. கோதுமை எப்படி வளர்கிறது என்று வயலில் பார்க்காமல் மேற்கோளில் பார்த்தார்கள். கருத்திலிருந்து உலகத்தைத் தொடங்கினார்கள். மார்க்ஸ் திருப்பி நிறுத்தியதை மறுபடியும் தலைகீழாக்கிவிட்டு, அதற்குப் பொருள்முதல்வாதம் என்று பெயரும் வைத்தார்கள்.

பொருள்முதல்வாதம் என்றால் வயிற்றுக் கணக்கு மட்டும் என்று நினைப்பதும் தப்பு, தம்பி. இங்கே பக்கத்தில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், 1941இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள்: வெள்ளைக்காரத் துரையோ தோட்டத்துக் கணக்கர் கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். சைக்கிள் வாங்குகிற அளவுக்குக் கையில் காசு சேர்ந்த பிறகுதானே இறங்கி நிற்கிற அவமானமும் வரும்? ஆயிரம் பேரை ஒரே லயத்து வரிசை வீடுகளில் குடிவைத்து, ஒரே பெரட்டில் நிறுத்தியது தோட்டத்தின் தேவைக்காக. அவர்களைக் கூடிப் பேசவைத்ததும் அதே பெரட்டுதான். முரண்பாடு பொருளுக்கு உள்ளேயே இருக்கிறது என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

கல்லறையில் இருக்கிற வரி, 1845இல் மார்க்ஸ் ஃபாயர்பாக் என்ற ஜெர்மன் தத்துவவாதியைப் பற்றி எழுதிவைத்த பதினோரு குறிப்புகளில் கடைசி. நீ மூன்றாவதைப் படி. சூழ்நிலைதான் மனிதனை உருவாக்குகிறது என்கிறவர்கள், சூழ்நிலையை மாற்றுவதும் மனிதர்தான், கற்பிப்பவருக்கே கற்பிக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள் என்று வரும். அம்மாவுக்கு அது சுட்ட வரி. ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்பில் தூங்கின ஒரு பையனை நாள் முழுக்க வெளியே நிற்கவைத்தேன். காலை நாலு மணிக்கு எழுந்து, மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால் பொறுக்கிவிட்டுப் பள்ளிக்கு வருகிறான் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதே வேலையை அதே வயதில் நானும் செய்தவள். கரும்பலகைப் பக்கம் போய் நின்றதும் மறந்துபோயிற்று. அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் அம்மா பதறிப்போய் எனக்குக் காப்பி கலக்கினார்.

நம் லயம் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. பழம் வெட்டுவது வங்காளதேசத்துப் பிள்ளைகள். போன வாரம் கோயில் அன்னதானத்துக்கு வந்த ஒருவன், உன் வயதுதான் இருக்கும், மலாயில் இருந்த வேலை ஒப்பந்தத்தை நீட்டிப் படித்துச் சொல்லச் சொன்னான். மூன்று பக்கம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் அவன் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டான்: மழை நாளுக்குச் சம்பளம் உண்டா?

அன்புடன்,
அம்மா