அதிகாலை மூன்று ஐம்பத்தெட்டு

கோவில்பட்டி,
மார்ச் 2

அன்புள்ள கயலுக்கு,

விடுதியில் போன் பேசக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம். அதில் பாதி, "சாப்பிட்டாயா" என்று உன் அம்மா கேட்பதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் உன் பெரிய மாமா கடைக்கு வந்து, "பாப்பாவுக்கு அமெரிக்காவில் சீட் கிடைத்துவிட்டதாமே" என்றார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு நீ விண்ணப்பம் போட்டதை அம்மா யாரிடமோ சொல்லியிருக்கிறாள்; எட்டயபுரம் போய்த் திரும்புவதற்குள் அது சீட்டாகிவிட்டது. அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எம்.ஐ.டி. வெளியிட்ட எண்கள்தான். 2024-இல் சேர்ந்த வகுப்புக்கு விண்ணப்பித்தவர்கள் 28,232 பேர். இடம் கிடைத்தது 1,284 பேருக்கு. நூற்றுக்கு நாலரை. அதுவும் அமெரிக்கப் பிள்ளைகளையும் சேர்த்து. வெளிநாட்டவருக்கு ஒரு வரம்பு வைத்திருப்பதை அவர்களே ஒளிக்காமல் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நம் வரிசையில் நூறு பேருக்கு ஏறக்குறைய இரண்டு பேர். அந்த நூறு பேரில் சோடை போனவர் யாரும் இருக்கப்போவதில்லை.

இங்கே கணிதம் நூறு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது, ஆக இருநூறுக்குக் கட்-ஆஃப். 199 என்றால் கிண்டி பொறியியல் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்று எதிர்வீட்டு அண்ணாச்சியே சொல்லிவிடுவார். அங்கே அந்தக் கோடே கிடையாது. அங்கே சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் கணக்கில் 800-க்கு 800 வாங்கியவர்களையும் திருப்பி அனுப்புகிறார்கள். மதிப்பெண் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே யாரைக் கூப்பிடுவது என்பதை அறைக்குள் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள்.

பணத்தைப் பற்றி நீ கவலைப்பட்டாய். ஓராண்டுச் செலவு 85,000 டாலருக்கு மேல். நம் பணத்தில் எழுபது லட்சத்தைத் தாண்டும். கடையை விற்றாலும் ஒரு பருவம் தாங்காது. ஆனால் எம்.ஐ.டி., ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற சில இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் குடும்ப வசதியைப் பார்க்காமலே இடம் கொடுத்துவிட்டு, பிறகு நம் வருமானத்துக்கு மேல் ஆகும் செலவை அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். மற்ற பல இடங்களில் உதவி வேண்டும் என்று குறித்தாலே வாய்ப்பு குறைந்துவிடும். அதனால்தான் எம்.ஐ.டி.க்கு மட்டும் போடு என்றேன். கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பாய்.

மதுரையில் நாம் பார்த்த அந்த ஆலோசகரை நினைத்தால் இன்னும் எரிகிறது. நான்கு லட்சம் கேட்டார். நீ எழுதியிருந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மோட்டார் கடையெல்லாம் எடுபடாது, ஏழைக் குழந்தைகளுக்கு ஓர் அமைப்பு தொடங்கியதாகக் காட்டலாம்" என்றார். நீ எழுந்து வெளியே போய்விட்டாய். கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று அன்று கடிந்துகொண்டேன். நீ செய்ததுதான் சரி.

அந்த மோட்டார் விஷயத்தை நான் மறக்கவில்லை, தாயி. நாலாட்டின்புதூர்க்காரரின் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரே வருடத்தில் மூன்றாவது தடவை எரிந்து வந்தது. நான் கம்பியை அறுக்கப் போனேன். நீ கம்பி சுற்றியிருக்கும் ஸ்டேட்டரை வெயிலில் திருப்பி வைத்து, "அப்பா, இரண்டு கட்டுதான் கருகியிருக்கிறது, ஒன்று சிவப்பாகவே இருக்கிறது" என்றாய். இருபத்திரண்டு வருடமாகக் காயில் கட்டுகிறவன், அவசரத்தில் பார்க்காமல் விட்டேன். மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று மோட்டாருக்கு வரவில்லை. கோளாறு அவர் தோட்டத்து ஸ்டார்ட்டரில். மாற்றிக் கொடுத்தோம். அந்த மோட்டார் அதன் பிறகு கடைக்கு வரவே இல்லை. எனக்கு வருமானம் போயிற்று.

அதைத்தான் நீ எழுதி அனுப்பினாய். படிக்கிறவருக்கு அது பிடிக்கலாம். பிடித்தும் இடம் இல்லாமல் போகலாம். இரண்டுக்கும் மனதைத் தயார் செய்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முடிவு மார்ச் 14 மாலை 6.28-க்கு அவர்கள் ஊரில். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவதால் மூன்று புள்ளி ஒன்று நான்கு, அதாவது கணக்கில் வரும் பை எண், என்று தேதி, அதன் இரண்டு மடங்கு நேரம், கணக்குப் பைத்தியங்கள். நமக்கு அது 15-ஆம் தேதி அதிகாலை மூன்று ஐம்பத்தெட்டு. பிளஸ் டூ தேர்வு நடக்கும் சமயம். மீதித் தேர்வுகள் முடிந்த பிறகு பார் என்று சொல்லத்தான் ஆசை. கேட்கமாட்டாய்.

வார்டன் அம்மாவிடம் பேசிவிட்டேன். அவர் போனில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் தனியாக வேண்டாம், அவர் அறையில் உட்கார்ந்து பார். நான் மூன்றரைக்கே எழுந்து கடைத் திண்ணைக்கு வந்துவிடுவேன். வீட்டில் பேசினால் அம்மா விழித்துக்கொள்வாள். எது வந்தாலும் முதலில் எனக்குக் கூப்பிடு. அவளிடம் விடிந்த பிறகு நான் சொல்லிக்கொள்கிறேன். பெரிய மாமாவிடமும்தான்.

முறுக்கு அனுப்பியிருக்கிறேன். டப்பாவைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமாம், அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா